விருந்துக்கு இடம் தேடிய கதை

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதுக என மலராசிரியர் பணித்தபோது, எதைப்பற்றி எழுதுவது என்று நாம் நெடுநேரம் எண்ணினோம். அதிபர்களின் அருந்தொண்டைப் பற்றியும், ஆசிரியப் பெருந்தகைகளின் புலமையைப் பற்றியும், கிரிக்கெற் ஆட்டங்களிற் பெற்ற வெற்றிகளைப் பற்றியும் எழுதத் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். எமக்கு வாய்த்த பொருள் அவற்றினும் மிகச் சிறியது. 1974 ஆம் ஆண்டிற் கல்லூரியை விட்டு நீங்கிய எம் வகுப்பினர், அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவை 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யாழ் நகரில் ஓர் இராப்போசனத்தோடு கொண்டாடினர். அவ்விருந்துக்கு ஏற்ற உணவுச்சாலையைத் தெரிந்தெடுக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்கதையே ஈண்டு எழுதப்படுகின்றது. “இஃதென்ன பெரிய காரியம்? பணத்தைக் கொடுத்தால் எந்தக் கடையிலும் சாப்பாடு கிடைக்குமே” என்று இளைய மாணவர் நகைக்கலாம். தொடக்கத்தில் நாமும் அவ்வாறே எண்ணினோம்.

எம் வகுப்பைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறுதல் வேண்டும். 1966 ஆம் ஆண்டு தை மாதத்தில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்தவர்கள் நாம். கல்லூரியை விட்டு வெளியேறிய காலத்தில் நாட்டிலே உணவுப் பஞ்சம் நிலவிற்று. பாணுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்று, பின்னர் வகுப்புக்கு ஓடி வந்த தலைமுறை எம்முடையது. அதன்பின் வந்த போர் எம்மை நாலாபுறமுஞ் சிதறடித்தது. சிலர் மாண்டனர், பலர் கடல் கடந்தனர், சிலர் இங்கேயே இருந்து பிள்ளைகளைப் படிப்பித்து, ஓய்வூதியம் பெற்று, மூக்குக்கண்ணாடியோடும் மருந்துப் பெட்டியோடும் வாழ்கின்றனர். எம்முட் பெருஞ் செல்வரும் உளர். மாத முடிவில் மருந்துச் செலவுக்குக் கணக்குப் பார்ப்போரும் உளர். ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தவர்களே இவ்விரு சாராரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசிக்குமாறு வேண்டுகின்றோம்.

விருந்துக்கு வர இசைந்தோர், மனைவியரையுஞ் சேர்த்து, 32 பேர். எமக்குக் கற்பித்தோருள் அப்பொழுது எம்மோடிருந்த ஆசிரியர் இருவரையும் அழைத்தோம். ஆக, 34 இலைகள். ஒழுங்குக் குழுவில் நால்வர்: காரியதரிசி, தனாதிகாரி, நில அளவையாளராகக் கடமையாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், நாம். தனாதிகாரியைப் பள்ளி நாள் முதலே ‘கணக்கப்பிள்ளை’ என்றே அழைப்போம். அப்பெயர் அவருக்கு எத்துணைப் பொருத்தமானது என்பது பின்னர் விளங்கும்.

முதற் கூட்டத்திலேயே ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியிற் பேசினார். அவர் கூறியது சுருக்கமானது: “நகரத்திலே உள்ள பெரிய ஹோட்டலிற் சொல்லுங்கள். மேல்மாடியில் இடம் எடுங்கள். முழுச் செலவும் என்னுடையது.” அன்பினால் எழுந்த வார்த்தை அது, அதில் ஐயமில்லை. நாம் விசாரித்தபோது அங்கே ஓர் ஆளுக்கு 4,500 ரூபா என்றனர். கணக்கப்பிள்ளை உடனே தாளை எடுத்தார். 4,500 ரூபாவுக்குச் சேவைக் கட்டணம் 100 க்கு 10 வீதம் சேர்ந்து 4,950 ஆகும். அத்தொகையின்மீது பெறுமதி சேர் வரி. 2024 ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் தேதி அவ்வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தமையால், முடிவில் 5,841 ரூபா. விலைப்பட்டியலில் 4,500, பற்றுச்சீட்டில் 5,841. கனேடிய டொலரில் இது முப்பதுக்கும் குறைவு. ஆனால் இங்கு ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவருக்கு, மனைவியோடு வந்தால், இரண்டு இலைக்கு 11,682 ரூபா.

“அதற்குத்தான் நான் தருகிறேன் என்றேனே” என்றார் ரொறன்ரோ நண்பர்.

அதற்கு மறுமொழி கூறியவர் எம் காரியதரிசி. அவர் கச்சேரியில் எழுதுவினைஞராய் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். “தம்பி, உம்முடைய வீட்டுக் கலியாணத்துக்கு அழைத்தால் வந்து வயிறார உண்போம்; கைகழுவி வாழ்த்திவிட்டும் போவோம். இது உம்முடைய கலியாணம் அன்று, எங்கள் எல்லாருடையதும். இதில் ஒருவர் போட மற்றவர்கள் உண்டால், அடுத்த நாள் முதல் நாங்கள் உம்முடைய வகுப்புத் தோழர் அல்லர், உம்மிடம் விருந்துண்டவர்கள்” என்றார். தொலைபேசியின் மறுபுறத்தில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்பு அந்நண்பர், “சரி, என்னுடைய பங்கு எவ்வளவு என்று சொல்லும்” என்றார். அவர் பெருந்தன்மைக்கு அவ்வொரு வார்த்தையே சான்று.

இவ்வாறு, இடத்தைத் தேடுமுன் தொகையைத் தீர்மானித்தல் வேண்டும் என்னும் பாடத்தைக் கற்றோம். இடத்தை முதலில் விரும்பிவிட்டால், தொகை அவ்விடத்தின் பின்னாலே இழுபட்டுச் செல்லும். ஆனால் தொகையை எவ்வாறு தீர்மானிப்பது? “நடுத்தரமான செலவு” என்று வாயாற் கூறுவது எளிது. எவருக்கு நடுத்தரம்? சராசரி காண்பது இதற்கு உதவாது. பத்துப் பேருக்குச் சிறிதாயும் ஒருவருக்குப் பெரிதாயும் உள்ள தொகை அவ்வொருவரை வீட்டிலேயே இருத்திவிடும். அவரோ காரணத்தைக் கூறமாட்டார், “உடம்புக்குச் சுகமில்லை” என்று செய்தி அனுப்புவார். எனவே, எம்முள் மிகக் குறைந்த வருவாயுடையவர் மறுநாட் காலையில் மனம் வருந்தாது கொடுக்கக்கூடிய தொகை எதுவோ, அதுவே எல்லாருக்கும் உரிய தொகை என முடிவு செய்தோம். அதை அவரிடம் நேரிற் கேட்கவும் கூடாது; கேட்டாற் கூட்டிச் சொல்வார். எமக்கு அவர் நிலை தெரியும். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாமெல்லோரும் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஒரே ஆண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது. ஏறிய வேகம் பின்னர்த் தணிந்தது. ஏறிய விலை பழைய இடத்துக்கு மீளவில்லை. ஓய்வூதியம் அவ்வாறு இரட்டிக்கவுமில்லை. இவற்றையெல்லாம் சீர்தூக்கி, தலைக்கு 2,000 ரூபா என வகுத்தோம். ஆசிரியர் இருவரும் விருந்தினர். 32 பேர் கொடுக்கும் 64,000 ரூபாவில் 34 பேர் உண்ண வேண்டும். போக்குவரத்தும் அதனுள் அடங்க வேண்டும்.

“கடை எதற்கு? ஒருவர் வீட்டில் வைத்தால் அரைவாசிச் செலவோடு முடியுமே” என்றும் ஒரு யோசனை எழுந்தது. அதை மறுத்தவர் கணக்கப்பிள்ளையின் துணைவியார். எமக்குத் தேநீர் கொண்டுவந்தவர், அவ்வார்த்தை செவியில் விழவே, “அப்படியானால் நீங்கள் ஐம்பதாண்டுக் கதை பேசிக்கொண்டிருக்க, நாங்கள் ஐம்பது தேங்காய் துருவ வேண்டும்” என்றார். அந்த யோசனை அத்துடன் ஒழிந்தது. விருந்துக்குக் கடையை நாடுவதற்கு இதனினும் நியாயமான காரணத்தை நாம் அறியோம்.

அடுத்து எழுந்தது உணவு எது என்னும் வினா. நண்டுக் கறியின்மீது பற்றுடையோர் எம்முட் சிலர். மாலை வேளையில் வேறொரு பானத்தின்மீது பற்றுடையோர் அவரினுஞ் சிலர். மற்றொரு சாரார், இந்துக் கல்லூரியின் பெயரால் நடைபெறும் விருந்து சைவ விருந்தாகவே இருத்தல் வேண்டும் என்றனர். இவ்வழக்கு நீண்டிருப்பின் வகுப்பு இரண்டாகப் பிளந்திருக்கும். காரியதரிசி வாதாடவில்லை. நாட்காட்டியைப் புரட்டி, யூலை 20 ஆந் தேதி சனிக்கிழமை எல்லாருக்கும் வசதியான நாள் என்றார். எவரும் மறுக்கவில்லை. பின்னரே அன்று போயா தினம் என்பது சிலருக்குத் தெரியவந்தது. போயாவன்று மதுச்சாலைகள் மூடப்படும். பூரணை விரதக்காரரும் அன்று சைவமே. எவரும் தோற்காமல் வழக்கு முடிந்தது. கச்சேரியிற் கற்ற வித்தை அது.

ஆசிரியர் இருவருள் மூத்தவர் எமக்குக் கணிதம் கற்பித்தவர்; அப்போது 92 வயது. அழைக்கச் சென்றபோது, “வருவேன். ஆனால் மூன்று விஷயம். ஏழரை மணிக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். படி ஏறமாட்டேன். அருகில் இருப்பவர் பேசுவது காதில் விழ வேண்டும், அதற்காகத்தானே வருகிறேன்” என்றார். கேத்திரகணிதத் தேற்றம் போல அவர் கூறிய இம்மூன்று நிபந்தனையும் எம் பணியைப் பாதியாகக் குறைத்தன. மேல்மாடிகள் யாவும் விலகின. இசைக்கருவி முழங்கும் இடங்கள் விலகின. எட்டு மணிக்குமேலேயே உணவு வைக்கும் இடங்களும் விலகின. முதியவர் ஒருவருக்கு ஏற்ற இடம் எல்லாருக்கும் ஏற்ற இடமாயிருக்கும் என்பதை அப்போது உணர்ந்தோம்.

புதிதாய்த் திறந்த குளிரூட்டிய உணவுச்சாலை ஒன்றை முதலிற் பார்த்தோம். தரைத் தளம்; நல்ல வெளிச்சம்; பணியாளர் பணிவானவர். ஆனால் அங்கே அவரவர் வேண்டியதை அவரவர் சொல்லிப் பெறுதல் முறை. அம்முறையிற் பற்றுச்சீட்டு எங்கே போய் நிற்கும் என்பதை முன்னரே அறிதல் அரிது. மொத்தத்தைச் சமமாகப் பங்கிட்டால், இரண்டு தோசை உண்டவர் நாலு கறி உண்டவருக்குப் பங்காளியாகிறார். தனித்தனியே கொடுப்பதாயின், விலைப்பட்டியலின் இடப்பக்கத்தை விடுத்து வலப்பக்கத்தையே பார்த்து உண்ணும் நிலை சிலருக்கு நேரும். விருந்தென்பது விலையை மறந்து உண்ணும் ஒரு பொழுது. அதற்கு வழி, எல்லாருக்கும் ஒரே உணவு, ஒரே விலை, முன்னரே பேசி முடித்தல். அவ்விடத்தை விட்டு நன்றி கூறி நீங்கினோம்.

நிற்க. இனி நாம் எழுதப் போவதை எழுதுவதற்கு எம் நண்பர், அந்நில அளவையாளர், அனுமதி தந்துள்ளார். “பெயரை விட்டுவிடும், கதையை எழுதும்” என்பது அவர் கட்டளை.

எம் குழுவினர் எல்லாருடைய உள்ளத்திலும் தொடக்கம் முதல் ஒரு கடை இருந்தது. நகரின் நடுவே பழைய சைவக் கடை. பெயரும் இடமும் வேண்டா. பள்ளி நாட்களில் உதைபந்தாட்டம் முடிந்ததும் நாம் கூட்டமாய் நுழைந்து, கையிலிருந்த சில்லறையை மேசையிற் குவித்து, தோசையும் வடையும் உண்ட இடம் அது. விலை மலிவு, உணவு நன்று, பழைய நினைவும் உண்டு. “வேறெங்கே தேடுவது? அங்கேயே வைப்போம்” என்றனர் பலர். எம் நண்பர் மட்டும், “எங்கே என்றாலும் சரி” என்றார். முன்னோட்டமாக ஒருமுறை உண்டு பார்த்து வருமாறு நண்பரையும் எம்மையும் அனுப்பினர்.

வாயிலில் வந்ததும் நண்பர் நின்றுவிட்டார். “நீர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாரும், எனக்குப் பசியில்லை” என்றார். அவ்வாறு கூறிய அக்கணமே அவர் முகம் மாறிற்று. “இதே வார்த்தையை இதே இடத்தில் நின்று அப்பு சொன்னார்” என்றார்.

வீதியோரத்தில் நின்றபடியே அவர் கூறியது இது. 1966 தை மாதத்தில் அவரைக் கல்லூரியிற் சேர்ப்பதற்காகத் தந்தையார் ஊரிலிருந்து சைக்கிளில் ஏற்றி வந்தார். அனுமதி கிடைத்துவிட்டது. புதிய வெள்ளைச் சட்டையோடு நின்ற மகன் தோசை வேண்டுமென்றான். தந்தையார் இக்கடை வாயில்வரை அழைத்து வந்து, கையிற் காசைக் கொடுத்து, “நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, தம்பி, எனக்குப் பசியில்லை” என்றார். உள்ளே சென்ற சிறுவனை எவரும் வினவவில்லை. கல்லூரிச் சட்டை அவனுக்குக் கேடயமாயிற்று. தந்தையாரை அவ்வூரார் அறிவர். அவர் உள்ளே வந்திருந்தால் இருக்கை கிடைத்திராது. வெளியே புறம்பான பேணியில் தேநீர் கிடைத்திருக்கும். சிறுவன் உண்ணும்போது வாயிலூடாகப் பார்த்தான். தந்தையார் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்று, அவனைப் பார்த்துச் சிரித்தார். “அதற்குப் பிறகு இந்தக் கடைக்குள் நான் கால் வைத்ததில்லை” என்றார் நண்பர்.

நாம் அவ்விடத்திலேயே தலைகுனிந்தோம். ஆட்டம் முடிந்து நாமெல்லோரும் இக்கடைக்குட் புகும் நாட்களில் அவர் ஒருபோதும் வந்ததில்லை. ஒரு நாள் வயிற்று வலி என்பார். மறுநாள் ஊருக்குப் போகும் பஸ் தவறிவிடும் என்பார். காசு செலவிட அஞ்சுகின்றார் என்றெண்ணி, நாம் அவருக்குக் ‘கஞ்சன்’ எனப் பட்டப்பெயர் சூட்டினோம். எட்டாண்டுகள் அப்பெயரால் அழைத்தோம். அவர் ஒருமுறையும் மறுத்துரைக்கவில்லை.

சட்டம் இல்லாத காலமன்று அது. 1957 ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி, சாதி காரணமாக ஒருவரை உணவுச்சாலையினுட் புகவிடாது தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதற்கும் முன்னர், 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பையும் சமபந்தி உணவையும் வற்புறுத்தியிருந்தது. எனினும் சட்டம் தாளில் இருந்தது. பேணி கடையில் இருந்தது. நாம் ஆறாம் வகுப்பிற் படித்த அதே 1966 ஆம் ஆண்டு ஒக்டோபர் 21 ஆந் தேதி, சுன்னாகத்திலிருந்து யாழ் நகரை நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலே தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் போராட்டங்களாய் மூண்டன. இவை பற்றி வீட்டிலே பெரியோர் தாழ்ந்த குரலிற் பேசக் கேட்டதுண்டு. அவ்விடயம் எம் வாங்கிலேயே, எமக்கு அருகிலேயே அமர்ந்திருந்தது என்பதை நாம் அறிந்தோமில்லை.

“இப்பொழுது கடை கைமாறிவிட்டது. யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்தப் பிள்ளைகள் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அன்றிரவு முழுவதும் நான் வாயிலையே பார்த்துக்கொண்டிருப்பேன். குழுவில் இதைச் சொல்ல வேண்டா, எல்லாரும் ஆசைப்பட்ட இடம்” என்றார் நண்பர்.

இருவரும் வேறோரிடத்திற் தேநீர் அருந்தி மீண்டோம். குழுவினரிடம், அக்கடையில் முதுகு சாய்க்கும் நாற்காலி இல்லை, 34 பேர் ஒருங்கே அமர இயலாது, சனிக்கிழமை மாலையில் இரைச்சல் மிகும் என்று கூறினோம். யாவும் உண்மை. ஆனால் அவை காரணமல்ல. சிலர் முகஞ் சுளித்தனர், ஒருவர், “நாற்காலிக்காகப் பழைய நினைவை விடுவதா?” என்று எம்மைக் கடிந்தார். பழைய நினைவு எல்லாருக்கும் ஒன்றாயிருக்கும் என்று அவர் எண்ணினார். ஒரு வாரத்துக்கு முன்புவரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

கடைசியில் நல்லூர்ப் பக்கத்தில், ஒரு குடும்பத்தார் நடத்தும் சிறிய சைவ உணவகம் கிடைத்தது. இம்முறை தேர்வை ஒழுங்காகச் செய்தோம். விருந்து நடக்கவிருந்த அதே நேரத்தில், அறிவியாது இருமுறை சென்று உண்டோம்; பகலில் நன்றாயிருக்கும் கடை இரவில் வேறாயிருத்தல் கூடும். கைகழுவும் இடத்தையும் கழிவறையையும் பார்த்தோம். அடுக்களையைக் காட்டுமாறு கேட்டோம், தயங்காது காட்டினர். அறையின் ஒரு மூலையிலிருந்து கணக்கப்பிள்ளை மெல்லப் பேச, மறு மூலையில் நாம் கேட்டோம். எல்லாம் சேர்ந்த இறுதி விலையை எழுத்திற் பெற்றோம். பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத சிறு கடையாதலின் அவ்வரி அங்கில்லை. சேவைக் கட்டணமும் இல்லை. தலைக்கு 1,500 ரூபா. முற்பணம் எவ்வளவு, ஆட்தொகை மாறினால் எத்தனை நாளுக்கு முன் அறிவித்தல் வேண்டும், நாம் கொண்டுவரும் மாம்பழத்தை வெட்டித் தருவார்களா என்பவற்றையும் பேசி முடித்தோம்.

பதார்த்தங்களின் தொகையைப் பெருக்குமாறு உரிமையாளர் கூறினார். நாம் குறைத்தோம். பத்துக் கறி சூடாறி வருவதினும் ஐந்து கறி சுடச்சுட வருவது மேல். இடியப்பம், புட்டு, சொதி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, முருங்கையிலை வறை, தேங்காய்ச் சம்பல், உழுந்து வடை, பாயசம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எம் நண்பரின் வளவிலிருந்து வந்தது. அப்பருவத்தின் கடைசிப் பழங்கள்.

கணக்கப்பிள்ளையின் ஏட்டில் உள்ளவாறு: வரவு 64,000. உணவு 51,000. ஆசிரியர்களையும் தூரத்து ஊரவரையும் ஏற்றியிறக்க மூன்று முச்சக்கர வண்டிகள், 6,000. சமையல் செய்தோருக்கும் பரிமாறினோருக்கும் அன்பளிப்பு 5,000. மீதி 2,000 கல்லூரி நூலகத்துக்கு.

அன்றிரவு கணித ஆசிரியர் ஏழு மணிக்கே வந்தார். எம் ஒவ்வொருவரையும் பெயர் கூறி அழைத்து, அவரவர் கணக்கில் வழக்கமாய்ச் செய்யும் பிழையையும் கூறினார். ரொறன்ரோ நண்பர், காரியதரிசியின் அருகில் அமர்ந்து, அவர் இலையிலிருந்த வடையை உரிமையோடு எடுத்துண்டார். அதைக் கண்டபோது, அன்று தொலைபேசியில் நிகழ்ந்த உரையாடல் வீண்போகவில்லை எனத் தெளிந்தோம்.

பந்தி தொடங்குமுன் மூன்று இலைகள் வெறுமையாய் இருந்தன. ஒருவருக்குக் காய்ச்சல், கொழும்பிலிருந்து வரவேண்டிய தம்பதியரின் பயணம் தாமதித்துவிட்டது. மூவரும் பணங் கட்டியவர்கள். பரிமாறுவோர் அவ்விலைகளை எடுக்க முற்பட்டனர். அப்போது எம் நண்பர் எழுந்து வாயிலுக்குச் சென்றார். அங்கே முச்சக்கர வண்டிச் சாரதியர் மூவரும், விருந்து முடியும்வரை காத்திருக்க, வண்டிகளிற் சாய்ந்து நின்றனர். “வாருங்கோ, இலை போட்டாயிற்று” என்றார். “பரவாயில்லை ஐயா, பிறகு வெளியிலே ஏதாவது சாப்பிடுவோம்” என்றான் அவர்களுள் இளையவன். “வெளியிலே இல்லை, தம்பி. உள்ளே” என்று கையைப் பிடித்து அழைத்து வந்து, தம் பக்கத்திலேயே இருத்தினார்.

அதன்பின்னரே தம் தந்தையாரின் கதையை அவர் எல்லாருக்கும் கூறினார். நீண்ட பேச்சன்று, ஐந்து நிமிடமும் இராது. நாற்காலிக்காக எம்மைக் கடிந்தவர் எழுந்து வந்து நண்பரின் கையைப் பற்றினார். வாய் திறந்து ஒன்றும் கூறவில்லை. கணித ஆசிரியர், “அன்று உன் அப்புவை நான் கந்தோர் வாசலிற் கண்டேன். விண்ணப்பத்தை இரண்டு கையாலும் நீட்டினார்” என்றார். அதன்பின் நெடுநேரம் எவரும் பேசவில்லை. பாயசம் வந்தது, மீண்டும் பேச்சு எழுந்தது. பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைத்து மகிழ்ந்த அவ்விரவில், ஒரு பெயரை மட்டும் எவரும் உச்சரிக்கவில்லை.

மோந்தால் வாடும் மலரினும் மெல்லியது விருந்தினர் உள்ளம் என்பது வள்ளுவர் கண்ட உண்மை. விருந்தோம்பலை அவர் இல்லறத்தில் வைத்துப் பேசினார். உணவுச்சாலையில் ஒன்றுகூடிப் பணங் கட்டி உண்ணும் இக்காலத்து விருந்துக்கும் அவ்வுண்மை பொருந்தும். அங்கே எல்லாரும் விருந்தினர். ஆகையால் எல்லாரும் வாடக்கூடியவர். இடம் அழகியதா, விலை மலிவா, கறி சுவையானதா என்னும் வினாக்கள் வேண்டியவையே. அவற்றுக்கு முன்னர்க் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இவ்விடத்தில் எம்முள் எவரேனும் தலைகுனிய நேருமா? கையிற் பொருள் குறைந்தவரோ, கால் தளர்ந்தவரோ, செவி மங்கியவரோ, பழைய காயம் சுமப்பவரோ, எவராயினும் சரி. அவர் வாய் திறந்து கூறமாட்டார். நாம்தாம் கண்டறிதல் வேண்டும்.

இவ்யூபிலி ஆண்டில் வகுப்புகள் பல இத்தகைய விருந்துகளை ஒழுங்கு செய்வர் என அறிகின்றோம். “எங்கே என்றாலும் சரி” என்று ஒருவர் கூறுவாராயின், அவரை ஒருமுறை தனியே அழைத்துச் சென்று தேநீர் அருந்துமாறு ஒழுங்குக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றோம். எமக்கு அதைக் கற்க ஐம்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன.

வாழ்க நம் கல்லூரி அன்னை.